பேச்சுவார்த்தை மேசையில் ஒரு மைக் வையுங்கள்: தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும், ஆலைதோறும் இருக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கொடி எந்த நிறமாக இருந்தாலும் சரி, இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். கேட்பது ஒரே ஒரு விஷயம். நிர்வாகத்தோடு நீங்கள் உட்கார்ந்து பேசும்போது, பேசுவது அத்தனையும் அப்போதே, அந்த நிமிடமே, ஆலைக்குள் இருக்கும் தொழிலாளர்கள் காதில் விழ வேண்டும். முடிந்தபிறகு கேட் மீட்டிங் போட்டு, "நல்ல ஒப்பந்தம் தோழர்களே, கை தட்டுங்கள்" என்று சொல்வதை நான் கேட்கவில்லை. அது இப்போதும் நடக்கிறது.

நடக்கிற காரியமா என்பீர்கள். நடந்திருக்கிறது. 1980 ஆகஸ்டில், போலந்தின் கதான்ஸ்க் துறைமுக நகரத்தில், லெனின் கப்பல் கட்டும் தளத்தில். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர்கூட இல்லை, நாட்டின் துணைப் பிரதமர். அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் ஒலிபெருக்கி வழியாகத் தளம் முழுக்கக் கேட்டது.

நான் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் சிஎன்சி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன். சந்தா பாக்கி வைக்காத உறுப்பினன், பொறுப்புக்கு வந்ததில்லை. எங்கள் ஆலையில் ஒரு வேலைநிறுத்தம் முடிந்துபோன செய்தியையே நாங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சம்பளம் கொஞ்சம் கூடியிருந்தது. உற்பத்தி இலக்கு அதைவிடக் கூடியிருந்தது. போராட்டத்தின்போது வேலையிலிருந்து தூக்கப்பட்ட பையன்களைப் பற்றி "தனியாகப் பேசித் தீர்க்கப்படும்" என்று ஒரு வரி. அந்தத் தனிப் பேச்சு நடக்கவே இல்லை. எந்த ஆலை, எந்தச் சங்கம் என்பது இங்கே முக்கியமில்லை. இதைப் படிக்கும் பாதிப் பேருக்குத் தங்கள் ஆலைக் கதைபோலவே இருக்கும்.

அதனால்தான் போலந்துக் கதை எனக்குள் இத்தனை ஆழமாக இறங்கியது. உலக வரலாற்றில் அது ஒரு பெரிய அரசியல் மாற்றமாகத்தான் எழுதப்படுகிறது. சாலிடாரிட்டி என்ற சங்கம் பிறந்தது, ஒன்பது ஆண்டுகளில் ஆட்சி மாறியது, மீசைக்கார எலெக்ட்ரீஷியன் லெக் வலேசா நாட்டின் அதிபரானார். எல்லாம் சரிதான். என் கண்ணுக்குப் பட்டதெல்லாம் அந்த மைக்.

முதலில் 1970-ஐச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று, கிறிஸ்துமஸுக்கு முன்பு, அரசு உணவுப் பொருள்களின் விலையை ஏற்றியது. கடலோர நகரங்களில் கப்பல் தளத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்துக்குப் போனார்கள். கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. பக்கத்து நகரமான க்டினியாவில் நடந்தது இன்னும் கொடுமை. வேலைக்குத் திரும்புங்கள் என்று டிசம்பர் 16 இரவு தொலைக்காட்சியில் துணைப் பிரதமர் ஒருவர் அழைத்தார். மறுநாள் காலை அந்தப் பேச்சை நம்பி ரயிலில் வந்து இறங்கியவர்களை ராணுவம் சுட்டது. கடலோரம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மேலே ஆட்சித் தலைவர் மாறினார். புதிதாக வந்த கியேரெக் தொழிலாளர்களை நேரில் சந்தித்து "உதவி செய்வீர்களா?" என்று கேட்டார். செய்தார்கள். அப்புறம் பழைய கதைதான்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே தொழிலாளர்கள் தெருவுக்குப் போகவில்லை. உள்ளேயே உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, சாராயத்தைத் தடை செய்து, காவலுக்கு ஆள் போட்டு உட்கார்ந்த உள்ளிருப்பு அது. தோற்றதிலிருந்து பாடம் படித்த போராட்டம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன். நம்மிடம் தோற்ற போராட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அதிலிருந்து பாடம் படித்த ஞாபகம்தான் எனக்கு இல்லை.

1980 ஜூலையில் மறுபடி இறைச்சி விலை ஏறியது. நாட்டின் கிழக்கே, லூப்ளின் பக்கம், ஹெலிகாப்டர் ஆலை ஒன்றில் கேன்டீன் கட்லெட்டின் விலை ஏறியதைப் பார்த்து வேலையை நிறுத்தினார்கள். கேன்டீன் சாப்பாட்டில் தொடங்கும் சண்டை நமக்கும் புதிதில்லையே. ஜூலை முழுக்க அங்கங்கே வேலைநிறுத்தம். அரசு ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் சம்பளம் கூட்டி ஆற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

கதான்ஸ்கில் பிரச்சினை கட்லெட்டாக இல்லை. அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டும் அம்மா. அநாதையாக வளர்ந்தவர், 1950 முதல் அந்தத் தளத்தில் வேலை பார்த்தவர், வெல்டராகத் தொடங்கியவர். சுதந்திரத் தொழிற்சங்கம் வேண்டும் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற ஐந்து மாதங்கள் இருக்கும்போது, ஆகஸ்ட் 7 அன்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆகஸ்ட் 14 அதிகாலையில் மூன்று இளைஞர்கள் தளத்துக்குள் சுவரொட்டி ஒட்டினார்கள். அந்த அம்மாவைத் திரும்ப எடு, சம்பளத்தைக் கூட்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே தளத்தில் வேலை இழந்திருந்த வலேசா உள்ளே வந்து சேர்ந்தார். சுவர் ஏறிக் குதித்தார் என்பது ஊரறிந்த கதை. படகில் வந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. போலந்துக்காரர்கள் இன்றைக்கும் இதை வைத்துச் சண்டை போடுகிறார்கள், போடட்டும். அந்த அம்மாவை வீட்டிலிருந்து கூட்டிவர இயக்குநரின் காரையே அனுப்ப வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நீக்கியவரின் காரிலேயே நீக்கப்பட்டவர் திரும்பி வந்தார்.

பேச்சுவார்த்தை தொடங்கும்போதே வலேசா ஒரு நிபந்தனை போட்டார். தளத்துக்குள் அறிவிப்புகளுக்காக இருந்த ஒலிபெருக்கி அமைப்பில் பேச்சு முழுவதும் ஒலிபரப்பாக வேண்டும். இயக்குநர் ஒப்புக்கொண்டார். 17,000 பேர் வேலை பார்த்த இடம் அது. யார் என்ன கேட்டார், யார் எங்கே இறங்கி வந்தார், யார் மழுப்பினார், எல்லாம் புல்தரையில் படுத்துக்கிடந்த வெல்டர் வரைக்கும் கேட்டது.

இனி ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. இந்த ஒரு நாளை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

இயக்குநர் இறங்கி வந்தார். 1,500 ஸ்லோட்டி (போலந்துப் பணம்) சம்பள உயர்வு, நீக்கப்பட்டவர்களுக்கு வேலை, 1970-இல் இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னம், பழிவாங்கல் கிடையாது. நம் கணக்கில் பார்த்தால் இதைவிட நல்ல ஒப்பந்தம் எங்கே கிடைக்கும்? வேலைநிறுத்தம் முடிந்தது என்று வலேசா அறிவித்தார். ஆள்கள் வீட்டுக்குக் கிளம்பத் தொடங்கினார்கள்.

ஆனால் அதற்குள் நகரத்தின் மற்ற ஆலைகளும் நின்றிருந்தன. பேருந்தும் டிராமும் ஓடவில்லை. ஹென்ரிகா க்ஷிவோனோஸ் என்ற பெண் முந்தைய நாள் தன் டிராமை நடுவழியில் நிறுத்தி, இது இனி போகாது என்று பயணிகளிடம் சொல்லிவிட்டு வந்தவர். சின்ன ஆலைகளின் பிரதிநிதிகளும் அவரும் தளத்துக்குள் நின்றிருந்தார்கள். பெரிய தளம் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினால், எங்களை நசுக்கிவிடுவார்களே, பீரங்கி வண்டிக்கு முன்னால் பேருந்து நிற்குமா என்று அவர் கத்தினார்.

வலேசாவுக்கு உறைத்தது. போராட்டம் தொடரும் என்று மாற்றிச் சொல்ல வேண்டும். மைக்கிடம் போனால், மைக் செத்துக் கிடக்கிறது. இயக்குநர் ஒலிபெருக்கி இணைப்பைத் துண்டித்துவிட்டார்!

எதிர்த் தரப்புக்கு அந்த மைக்கின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. முடிந்தது என்ற அறிவிப்பு எல்லோரையும் எட்டலாம், முடியவில்லை என்ற அறிவிப்பு எட்டக் கூடாது. ஒலிபெருக்கி இல்லாததால் பெண்கள் வாயில்களுக்கு ஓடினார்கள். வாலென்டினோவிச் ஒரு பக்கம், தளத்தின் மருத்துவமனை நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்கா இன்னொரு பக்கம். பியென்கோவ்ஸ்கா மூன்றாம் வாயிலில் ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்று, போகாதீர்கள், மற்றவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கத்திக் கதவைச் சாத்த வைத்தார். உருவத்தில் சின்னப் பெண். 17,000 பேரில் அன்று இரவு உள்ளே தங்கியவர்கள் ஓரிரு ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். அந்த இரவில்தான் எல்லா ஆலைகளுக்கும் பொதுவான வேலைநிறுத்தக் குழு உருவானது. அது மாத முடிவில் 700-க்கும் மேற்பட்ட ஆலைகளுக்காகப் பேசியது.

(அந்தத் தளத்தின் சுவரில், "பெண்களே, எங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள், நாங்கள் போலந்துக்காகப் போராடுகிறோம்" என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் பேச்சுவார்த்தைக் குழுவில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.)

மறுநாள் கோரிக்கைகள் 21 ஆயின. இரண்டு மரப் பலகைகளில் எழுதி, 18-ஆம் தேதி இரண்டாம் வாயிலில் தொங்கவிட்டார்கள். ஊரே வந்து படித்தது. முதல் கோரிக்கை, கட்சிக்கும் முதலாளிக்கும் கட்டுப்படாத சங்கம். அங்கே அரசுதான் முதலாளி. இரண்டாவது வேலைநிறுத்த உரிமை. நான்காவதைக் கவனியுங்கள்: 1970-லும் 1976-லும் போராடியதற்காக வேலையிழந்தவர்களுக்குத் திரும்ப வேலை, அரசியல் கைதிகளுக்கு விடுதலை. சம்பள உயர்வு எட்டாவது இடத்தில்தான் வருகிறது. அப்புறம் இறைச்சிக்கு ரேஷன் கார்டு, குழந்தைகள் காப்பகத்தில் இடம், பிரசவத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் சம்பளத்தோடு விடுப்பு, கடைசியாகச் சனிக்கிழமை விடுமுறை. அந்தப் பலகைகள் இப்போது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. நம்முடைய கோரிக்கைப் பட்டியல்கள் தட்டச்சுத் தாளில் இருக்கும், சங்க அலுவலக பீரோவில் பூட்டியிருக்கும்.

அரசு முதலில் பழைய வித்தையைத்தான் செய்து பார்த்தது. ஒரு துணைப் பிரதமரை அனுப்பி, ஒவ்வோர் ஆலையையும் தனித்தனியாக அழைத்துப் பேச வைத்தது. அது பலிக்கவில்லை. அடுத்து மெச்சிஸ்வாவ் யாகெல்ஸ்கி என்ற இன்னொரு துணைப் பிரதமர் வந்தார். ஆகஸ்ட் 23 அன்று முதல்முறையாகத் தளத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். பேச்சு நடந்த அறை ஒரு பெரிய கூடத்தின் ஓரம், கண்ணாடித் தடுப்பு போட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆலைப் பிரதிநிதிகள் நெருக்கியடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் மைக். வெளியே ஒலிபெருக்கி. பிரதிநிதிகள் கேசட்டில் பதிவு செய்து தங்கள் ஆலைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள்.

முதல் நாளில் முதல் தகராறு தொலைபேசிக்காக வந்தது. கதான்ஸ்குக்கும் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் இருந்த இணைப்பை அரசு வெட்டியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, வார்சாவில் புயல் அடித்துத் தொலைபேசி நிலையம் சேதமாகிவிட்டது என்று அரசுத் தரப்பு காரணம் சொன்னது. நான்கு சுவருக்குள் இப்படி ஒரு பதில் வந்தால் என்ன ஆகும்? நம் தலைவர் முறைப்பார், அவர்கள் டீ சொல்வார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காதில் விழும்படி இதைச் சொல்லிவிட்டு, மறுநாள் இன்னொரு காரணம் சொல்ல முடியாது. மைக் எதிர்த் தரப்பைப் பிடித்துக் கட்டுகிறது.

நம் தரப்பையும் கட்டுகிறது. இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். கடைசி நாள்களில் எல்லாம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அரசியல் கைதிகள் விவகாரம் மட்டும் தொங்கியது. தொழிலாளர்களுக்குப் பல ஆண்டுகளாக உதவிவந்த அறிவாளிகளும் செயற்பாட்டாளர்களும், யாத்செக் குரோன் போன்றவர்கள், வார்சாவில் பிடித்து அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்காகக் கையெழுத்தைத் தள்ளிப்போட வேண்டுமா? மூடிய அறையாக இருந்திருந்தால், "அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளே இருப்பவர்களை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும் வாய் யாருக்கும் வராது. விடுவிக்கிறோம் என்று யாகெல்ஸ்கி ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 31 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் அவர்கள் வெளியே வந்தார்கள். போப்பாண்டவர் படம் போட்ட ஒரு மாபெரும் பேனாவால் வலேசா கையெழுத்துப் போட்டார். விழாக்கடைச் சாமான்போல இருக்கும் அது. அதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

எல்லாமே ஒலிபெருக்கியில்தான் நடந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்றப் போவதில்லை. தாதேயுஷ் மசோவியெட்ஸ்கி, புரோனிஸ்வாவ் கெரெமெக் முதலான நிபுணர்கள் வார்சாவிலிருந்து வந்து உதவினார்கள். வாசகங்களைச் செதுக்கும் வேலை மைக் இல்லாத சின்னக் குழுவில் நடந்தது. அங்கிருந்துதான், புதிய சங்கம் நாட்டில் கட்சியின் தலைமைப் பாத்திரத்தை ஏற்கிறது என்ற வரி வந்தது. அதைக் கேட்டதும் பிரதிநிதிகள் பலர் கொதித்தார்கள். அந்த வரி இல்லாமல் மாஸ்கோவை நினைத்து நடுங்கிய அரசு கையெழுத்துப் போட்டிருக்காது என்பதும் உண்மை. இருந்தாலும் பாருங்கள், ஒப்பந்தத்தில் மிகுந்த கசப்பை உண்டாக்கிய வரி, யார் காதிலும் விழாமல் எழுதப்பட்ட வரிதான்.

அடுத்த ஆண்டு இது பெரிதாக வெடித்தது. சாலிடாரிட்டி அப்போது ஏறக்குறைய ஒரு கோடி உறுப்பினர்கள் கொண்ட சங்கம். 1981 மார்ச்சில் பித்கோஷ்ச் நகரத்தில் சங்கத்தாரைப் போலீஸ் அடித்தது. மார்ச் 27 அன்று நான்கு மணி நேர எச்சரிக்கை வேலைநிறுத்தம், நாடே நின்றது. 31-ஆம் தேதி காலவரையற்ற பொது வேலைநிறுத்தம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தைய நாள் மாலை வலேசாவும் ஒரு சிலரும் அரசோடு பேசி அதை நிறுத்திவைத்தார்கள். தேசியக் குழுவைக் கேட்கவில்லை. அன்று பேசாமல் விட்டிருந்தால் சோவியத் படை உள்ளே வந்திருக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சங்கத்துக்குள் விழுந்த விரிசல் அப்புறம் மூடவே இல்லை. கரோல் மோட்செலெவ்ஸ்கி செய்தித் தொடர்பாளர் பொறுப்பை விட்டு விலகினார். அவர்தான் சங்கத்துக்குச் சாலிடாரிட்டி என்று பெயர் வைக்கச் சொன்னவர். சங்கம் ராஜாவும் அவரைச் சுற்றி ஒரு தர்பாரும் என்று ஆகிவிட்டதாக அவர் சொன்ன குற்றச்சாட்டு பிரசித்தம். ராஜா, தர்பார். நம் சங்கங்களில் யாரைப் பற்றியும் சொல்லவில்லை, நீங்களாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது. மூன்று நாள் கழித்து வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சங்கம் தலைமறைவானது. 1989-இல் வட்டமேசைப் பேச்சு. இந்த முறை கேமராவுக்கு முன்னால் பெரிய வட்ட மேசை, இழுபறியான விஷயங்களுக்கு வார்சாவுக்கு வெளியே மக்தலென்கா என்ற இடத்தில் உள்துறை அமைச்சகத்தின் மாளிகை. அங்கே தலைவர்கள் மட்டும். ஜூன் 4 அன்று தொடங்கி இரண்டு சுற்றாக நடந்த தேர்தலில் மேலவையின் 100 இடங்களில் 99-ஐ சாலிடாரிட்டி பிடித்தது. கீழவையில் போட்டிக்கு விடப்பட்ட 161 இடங்களும் அதற்கே. உலகமே வியந்த வெற்றி. ஆனாலும் இன்றுவரை போலந்தில் மக்தலென்கா என்றால் பாதிப் பேருக்குச் சந்தேகம் வருகிறது. உள்ளே என்ன விட்டுக்கொடுத்தார்கள், யாரை யார் காப்பாற்றினார்கள், கோப்பையைத் தட்டிக்கொண்டு சிரித்தது ஏன். அங்கே துரோகம் நடந்ததா என்பது என் கேள்வி இல்லை. நடக்கவே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், மூடிய அறைக்கு அதை நிரூபிக்க வழியில்லை. 1980 ஒப்பந்தத்தைப் பற்றி இப்படி ஒருவரும் கேட்பதில்லை, கேட்டவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள்.

இடதுசாரித் தோழர்கள் சிலருக்கு இந்நேரம் முகம் சுளித்திருக்கும். பாதிரியார் பூசை வைத்த போராட்டம், மேற்கு நாடுகள் கொண்டாடிய போராட்டம், அதன் தலைவர்கள் ஆட்சிக்கு வந்து 1990-இல் ஒரே அடியாகச் சந்தையைத் திறந்துவிட்டார்கள், அந்தக் கப்பல் தளமே 1996-இல் திவாலானது. எல்லாம் உண்மை. பின்னால் வந்ததற்கு 1980-இல் புல்தரையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த வெல்டர் பொறுப்பில்லை. சொல்லப்போனால், 1990-இன் பொருளாதாரத் திட்டம் எந்தத் தளத்தின் ஒலிபெருக்கியிலும் ஒலிக்கவில்லை. ஆளும் கட்சியின் லட்சக்கணக்கான உறுப்பினர்களே அன்று சாலிடாரிட்டியில் சேர்ந்திருந்தார்கள். தொழிலாளி அரசு என்று பெயர் வைத்துக்கொண்ட அரசிடம், தொழிலாளி காது கேட்கப் பேசு என்று கேட்டது எந்தத் தத்துவப்படியும் தப்பில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

ஆகஸ்ட் 16 எனக்கு நம் ஆலைகளைத்தான் நினைவூட்டுகிறது. அந்தச் சின்ன ஆலைகள் நம்மிடமும் இருக்கின்றன, ஒரே காம்பவுண்டுக்குள். நிரந்தரத் தொழிலாளி நீலச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளி வேறு நிறச் சட்டை, பயிற்சியாளர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் ஓடும் பையன்கள் இன்னொரு நிறம். ஒரே லைன், ஒரே வேலை, சம்பளம் பாதிகூட இல்லை. வேலைநிறுத்தத்தின்போது அவர்களிடம் ஆதரவு கேட்கிறோம். ஊதிய ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் வருகிறதா? தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தம் என்றாலும், இரு தரப்பும் நேரடியாகப் போடும் ஒப்பந்தம் என்றாலும், கையெழுத்தாவது நிரந்தரத் தொழிலாளிக்காக. பட்டியலில் ஏழாவதோ எட்டாவதோ கோரிக்கையாக "ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம்" என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். அதை உள்ளே எத்தனை நிமிடம் பேசினீர்கள், எந்தத் தேதியில் கைவிட்டீர்கள், அதற்குப் பதிலாக என்ன வாங்கினீர்கள் என்பது அந்தப் பையனுக்குத் தெரியாது. மைக் இருந்தால் தெரியும். உங்களுக்கு அது சங்கடமாக இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. க்ஷிவோனோஸ் கத்தியபோது வலேசாவுக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்களையும் ஓரளவு ஊகிக்கிறேன். நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது என்பது முதல் பதில். ஒப்புக்கொள்ளாதுதான், நீங்கள் கேட்கும்வரை. போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் ஒப்புக்கொண்டது கேட்டதால்தானே? ஆர்டர் விவரம், விலை விவரம் வெளியே போய்விடும் என்பார்கள். அந்தக் கணக்குகள் வரும் பகுதியை மட்டும் இரு தரப்பும் சொல்லிவைத்துக்கொண்டு மைக்கை அணைத்துப் பேசலாம், எதற்காக அணைக்கிறோம் என்று அறிவித்துவிட்டு. வெளியே தொழிலாளர்கள் உணர்ச்சிவசப்படுவார்கள் என்பது அடுத்தது. இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். பத்து மைக்ரான் பிசகாமல் எட்டு மணி நேரம் வேலை செய்பவனுக்கு ஒரு பேச்சுவார்த்தையைக் கேட்கும் பொறுமை இருக்காதா?

பேரத்தில் கொஞ்சம் மறைவு வேண்டும், விட்டுக்கொடுப்பதை எல்லோர் முன்னிலும் செய்ய முடியாது என்று அனுபவசாலித் தலைவர்கள் சொல்வார்கள். இதுதான் உண்மையிலேயே கனமான வாதம், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கதான்ஸ்கிலும் நிபுணர் குழு மூடிய அறையில்தான் வாசகம் எழுதியது. ஆனால் அங்கே மூடிய அறையில் எழுதிய ஒவ்வொரு வரியும் மறுபடி மைக் முன்னால் வந்து, படிக்கப்பட்டு, திட்டு வாங்கி, அப்புறம்தான் கையெழுத்தானது. அந்த அளவுக்காவது வாருங்கள்.

செலவு ஒன்றும் பெரிதில்லை. பேச்சுவார்த்தை அறையில் ஒரு கைப்பேசியை வைத்து உறுப்பினர்களின் குழுவில் நேரலை விட்டால் போதும், கேட்டுக்கு வெளியே மே தினத்துக்கு எடுக்கும் சவுண்ட் செட் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாக, அறைக்குள் பார்வையாளராக உட்காரட்டும். கையெழுத்துக்கு முன்பு வரைவு முழுவதையும் ஷிஃப்ட் வாரியாகப் படித்துக் காட்டி வாக்கெடுப்பு நடத்துங்கள். எந்த நாள் என்று முன்பே சொல்லுங்கள், இரவு ஷிஃப்ட்காரரும் வர வேண்டும்.

வரும் ஊதிய ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது இதை முதல் வரியாகச் சேருங்கள். நிர்வாகம் மறுத்தால், யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்பதை அன்று மாலையே கேட் மீட்டிங்கில் அப்படியே சொல்லுங்கள். சங்கத்தின் செயற்குழுவே மறுத்தால், அதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு சிஎன்சி ஆபரேட்டர்